நஸ்ரினின் ரெக்கார்டு நோட்டு

1

ஒவ்வோர் அக்டோபரிலும் முதல் திங்கட்கிழமை காலையில் நான் ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறேன். ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு இருபது வருடம் ஆகிறது. அதில் கடைசிப் பதினொரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. எல்பே ஆற்றங்கரையில் உள்ள இந்தச் சின்ன ஊரின் பல்கலைக்கழகத்துக்கு, சுற்றுச்சூழல் முதுகலை படிக்க உலகம் பூராவிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். நீர், மண், காற்று பற்றியெல்லாம் பேராசிரியர்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். படித்ததை வைத்து எப்படி வேலை வாங்குவது, வாங்கிய வேலையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பது மட்டும் என் பொறுப்பு. விண்ணப்பம் எழுதுவது, நேர்காணலில் கையை எங்கே வைத்துக்கொள்வது, மேலதிகாரி தப்பாகச் சொன்னால் சண்டை வராமல் எப்படி மறுப்பது, இதெல்லாம் பாடத்தில் உண்டு. மதுரைக்கு வரும்போது யாராவது என்ன வேலை என்று கேட்டால், விளக்க அலுப்புப்பட்டு, வாத்தியார் வேலை என்று சொல்லி முடித்துவிடுவேன்.

முதல் நாள் பாடம் களக் குறிப்பேடு. கிணற்றிலோ ஆற்றிலோ தண்ணீர் எடுக்கும்போது, அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே எழுதுகிற சின்ன நோட்டு. அதில் தாளைக் கிழிக்கக்கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது; ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அடிபட்டதும் படிக்கும்படி இருக்க வேண்டும். நாளைக்கே ஒரு தொழிற்சாலை மேல் வழக்கு வந்தால், நீதிபதி உங்கள் அழகான அட்டவணையைக் கேட்க மாட்டார், சேறு பட்ட அந்த நோட்டைத்தான் கேட்பார் என்று சொல்வேன். சொல்லிவிட்டு இரண்டு நோட்டுகளைத் தூக்கிக் காட்டுவேன். ஒன்று என்னுடையது, பழசு, அழுக்கு, முனை மடங்கியது. நல்ல உதாரணம்.

மற்றொன்று மோசமான உதாரணம். கருநீலக் காலிகோத் துணி பைண்டிங், முதுகில் பொன்னெழுத்து, உள்ளே ஒரே நீல மையில் ஒரே சாய்வில் ஒரு அடித்தல்கூட இல்லாத எழுத்து, தலைப்புகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். "இது கிணற்றடியில் எழுதியதா, மேசையில் எழுதியதா?" என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும். யார் எழுதியது, எந்த ஊர் என்று சொன்னதில்லை. அது ஒரு நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இப்படித்தான் சிரித்தார்கள். இந்த வருடம், நேற்று முன்தினம், சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

மதுரைக்காரர்களுக்கு ரெக்கார்டு நோட்டு என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் தொடங்கி முதுகலை வரைக்கும் நம்மைத் துரத்துகிற சாமான் அது. ஆய்வுக்கூடத்தில் ரஃப் நோட்டில் கிறுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அதைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுத வேண்டும். ஒரு அடித்தல் இருந்தாலும் வாத்தியார் தூக்கி மேசைக்கு அந்தப் பக்கம் போடுவார். கையெழுத்து வாங்கியபின் ரஃப் நோட்டு பழைய பேப்பர்காரருக்கு. நாம் யாரும் இதை ஏமாற்று வேலையாக நினைத்ததில்லை. பெரியவர்கள் பார்க்கும் பொருளைச் சுத்தமாகக் கொடுப்பது மரியாதை என்றுதான் பழகியிருந்தோம்.

நானும் பாண்டியும் நாகமலை புதுக்கோட்டையில் முதுகலை படித்தோம். பாண்டி இப்போது அந்தப் பக்கமே ஒரு கல்லூரியில் துறைத் தலைவராக இருக்கிறான். இறுதி ஆண்டு ஆய்வுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் வைகைத் தண்ணீர். மூன்று இடங்களில், வாரம் ஒருமுறை, தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் இடம் கோச்சடை, என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இரண்டாவது இடத்துக்கு டவுன் பஸ். மூன்றாவது இடம் தூரம். ஐந்து வாரம் போனோம். அப்புறம் வெயிலும் சோம்பலும் சேர்ந்துகொண்டன. மூன்றாவது இடத்தின் மிச்ச வாரங்களைக் கோச்சடையில் என் வீட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நாங்களே உண்டாக்கினோம். பாண்டி ஒரு எண்ணைச் சொல்வான், நான் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ எழுதுவேன்.

"மாப்ள, எல்லாம் ஒண்ணு போலருந்தா சந்தேகம் வரும். ஒண்ண மட்டும் கெடுத்து எழுது" என்றான். எழுதினேன்.

அந்த ரெக்கார்டுக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு என் நோட்டைக் காட்டி, ரெக்கார்டு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வாத்தியார் சொன்னாராம். அந்த மதிப்பெண்தான் என்னை விமானம் ஏற்றியது. இருபது வருடத்தில் என்னிடம் யாரும் அந்த ரஃப் நோட்டைக் கேட்டதில்லை.

3

மூன்று வருடத்துக்கு முன், பாண்டியும் நானும் பேசிப்பேசி ஒரு திட்டம் கொண்டுவந்தோம். அவனுடைய மாணவர்கள் மதுரைக்கு மேற்கே, கோச்சடையிலிருந்து சோழவந்தான் வரைக்கும் உள்ள கிணறுகளிலும் போர்வெல்களிலும் ஆறு வாரம் தண்ணீர் எடுத்து உப்பும் உரமும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நான் இங்கிருந்து வாரம் இரண்டு நாள் கணினி வழியாக வேலைக்கான பயிற்சி கொடுப்பேன். முடிவில் சிறந்த ஒரு பிள்ளைக்கு இங்கே வந்து படிக்க உதவித்தொகை.

அதற்கு இங்கே அனுமதி வாங்க நான் பட்ட பாட்டைச் சொன்னால் தனிப் புத்தகம் ஆகும். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் கடிதம், கடிதத்துக்குப் பதில் கடிதம், பதில் வந்து சேர்ந்தது என்பதற்கு ஒரு கடிதம். ஒரு அலுவலகப் பெண்மணியிடம் அவசரத்தில், மரியாதைச் சொல்லுக்குப் பதிலாக, வீட்டில் பிள்ளைகளிடம் பேசுகிற சொல்லைப் போட்டுப் பேசிவிட்டேன். இருபது வருடம் ஆனாலும் பதற்றம் வந்தால் நாக்கு பழைய மாணவனாகிவிடுகிறது. என் கோப்பு இரண்டு வாரம் அவர் மேசையிலேயே தூங்கியது.

பயிற்சிக்கு வந்தவர்களில் நஸ்ரினும் ஒருத்தி. காஜிமார் தெருப் பக்கம் ஒரு சந்தில் வீடு. அவளுடைய அத்தா யூசுப் பாய் அங்கேயே பைண்டிங் கடை வைத்திருக்கிறார். முதல் நாள் ஆளாளுக்குத் தங்களை அறிமுகம் செய்துகொண்டபோது, மற்றவர்கள் இயற்கை, வருங்காலத் தலைமுறை என்று மனப்பாடமாகச் சொன்னார்கள். இவள் சொன்னது வேறு.

"நான் டவுனுக்குள்ளயே பொறந்து வளந்தவ சார். எட்டு வயசு வரைக்கும் தண்ணி லாரிலருந்துதான் உண்டாகுதுன்னு நினச்சுக்கிட்டிருந்தேன். மொதமொதல்ல கெணத்தப் பாத்தப்ப, இம்புட்டுத் தண்ணிய யாரு கொண்டாந்து ஊத்துனதுன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்காகத்தான் இதப் படிக்க வந்தேன்."

எல்லாரும் மறுபடியும் சிரித்தார்கள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது.

ஆறு வாரமும் நான் என்னென்னவோ சொல்லிக்கொடுத்தேன். விண்ணப்பத்தில் அப்பா பெயரும் ஜாதகமும் வேண்டாம் என்றேன். மின்னஞ்சலில் தலைப்பு எப்படி, வணக்கம் எப்படி, நன்றி எப்படி என்று வரி வரியாகக் காட்டினேன். கேமராவைப் பார்த்துப் பேசப் பழக்கினேன். களக் குறிப்பேட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேண்டுமென்று விடவில்லை. இத்தனை வருடத்தில் அது எனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டதால், அதைச் சொல்லித்தர வேண்டும் என்பதே தோன்றவில்லை. ரெக்கார்டு நோட்டு எழுதியே வளர்ந்த பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டியது அதுதான் என்பது, அதே நோட்டு எழுதி வளர்ந்த எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

4

நஸ்ரின் அனுப்பிய நோட்டின் ஸ்கேன் வந்தபோது ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை பார்த்தேன். அவ்வளவு சுத்தம். பதினொன்றாம் எண் கிணற்றில் இரண்டு முறை அளந்த அளவும் கடைசிப் புள்ளி வரை ஒன்றேபோல இருந்தது. வீடியோவில் கூப்பிட்டேன்.

"ரஃப் நோட்டு எங்கம்மா?"

"அத தூக்கிப் போட்டுட்டேன் சார்."

"ஏன்?"

"மோட்டார்த் தண்ணி பட்டு நனஞ்சு, சேறாகி, கண்றாவியாக் கெடந்துச்சு சார். அத எப்படி உங்களுக்கு அனுப்புறது? மூணு நாள் உக்காந்து ஃபேர் காப்பி எடுத்தேன்." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

"எடுக்கும்போது ஏதாவது மாத்துனியா?"

"இல்ல சார். அப்படியே பாத்து எழுதுனேன்."

"பதினொண்ணாம் கிணத்துல ரெண்டு அளவும் ஒண்ணாவே இருக்கே?"

"ஒண்ணாத்தான் சார் இருந்துச்சு."

நான் நம்பவில்லை. உண்மையைச் சொல்வதானால், அவள் முகத்தில் நம்பாமலிருக்க ஒன்றுமே இல்லை. எனக்கு என் வீட்டு மின்விசிறி ஞாபகம் வந்தது. பாண்டி சொல்லச்சொல்ல நான் கூட்டிக் குறைத்து எழுதியது ஞாபகம் வந்தது. நான் செய்ததை இவளும் செய்திருப்பாள் என்று முடிவுகட்டினேன். திருடனுக்குத்தான் பூட்டின் மேல் அத்தனை சந்தேகம் வரும்போல.

இங்கே ஒருவரைப் பற்றி மோசமாக எழுத மாட்டார்கள். சட்டமும் விடாது, பழக்கமும் விடாது. ஆனால் வேலையை விட்டுப் போகிறவருக்குக் கொடுக்கும் சான்றிதழில் 'முயற்சி எடுத்துக்கொண்டார்' என்று எழுதினால், ஆள் ஒன்றுக்கும் ஆகமாட்டார் என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். இப்படி மெல்லிய வாக்கியங்களால் ஆளைக் கவிழ்க்கும் கலை இந்த நாட்டில் உண்டு. அதை நான் நன்றாகவே கற்றிருந்தேன். நஸ்ரினின் மதிப்பீட்டில் நான் எழுதியது ஒரே வரி: 'அட்டவணைகள் மிக நேர்த்தியானவை, மூலக் குறிப்புகளைப் பார்வையிட இயலவில்லை.' அவ்வளவுதான். உதவித்தொகை வேறு ஒரு பையனுக்குப் போனது.

பாண்டி போன் செய்து கத்தினான். "ஏன்டா மாப்ள, அந்தப் புள்ளைக்கு இப்படிப் பண்ணிப்புட்ட? அது மாதிரி ஒரு புள்ள அலைஞ்சு எடுத்ததில்லடா. நீயும் நானும் லட்சணமா எடுத்தது எனக்குத் தெரியாதா?"

"அதனாலதான்டா" என்றேன். அவன் வைத்துவிட்டான்.

நஸ்ரினிடமிருந்து ஒரே ஒரு மின்னஞ்சல் வந்தது. வாய்ப்புக்கு நன்றி, தங்கள் நேரத்துக்கு நன்றி என்று. தலைப்பு, வணக்கம், முடிப்பு எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தாள்.

5

ஸ்கேனுக்குப் பிறகு அசல் நோட்டும் தபாலில் வர வேண்டும் என்பது விதி. அது வந்து சேருவதற்குள் முடிவெல்லாம் முடிந்துவிட்டது. சுங்க அலுவலகத்திலிருந்து, உங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒரு பொருள் வந்திருக்கிறது, நேரில் வந்து விளக்கவும் என்று கடிதம். பஸ் பிடித்துப் போனேன். மேசையில் அந்தக் கருநீல நோட்டைக் கிடத்திவிட்டு அதிகாரி கேட்டார்: "இது என்ன? விற்பனைக்கா?"

"மாணவியின் நோட்டு."

"இவ்வளவு நன்றாக பைண்டிங் செய்திருக்கிறதே. மதிப்பு என்ன?"

படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. நான் 'மதிப்பு எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அட்டையைத் திறந்து முதல் இரண்டு பக்கம் பார்த்தேன். ஸ்கேனில் பார்த்ததுதான். அடுத்த அக்டோபருக்கு ஆகும் என்று அலமாரியில் வைத்தேன்.

என் மகள் கயலுக்குப் பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். மதுரைக்கு வரச் சொன்னால் இப்போதெல்லாம் பரீட்சை இருக்கிறது என்கிறாள். விடுமுறையில் என்ன பரீட்சை என்று நானும் கேட்பதில்லை. தமிழில் பேசத் தொடங்கி மூன்றாவது வாக்கியத்தில் ஜெர்மனுக்கு நழுவிவிடுவாள். அந்த மூன்று வாக்கியத்துக்காக நான் காத்திருப்பேன் என்பது அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, இது ரொம்ப அழகா இருக்கு. யார் செஞ்சா?"

"ஒரு பொண்ணோட அப்பா. பைண்டிங் செய்றவர்."

"அவருக்கு நீ நன்றி எழுதுனியா?"

இல்லை என்றேன். ஏன் என்றாள். இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் என்று கேட்பதில் கூச்சமே கிடையாது. அது சிக்கலான விஷயம் என்றேன். நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

6

நேற்று முன்தினம் திங்கட்கிழமை. வழக்கம்போல இரண்டு நோட்டையும் காட்டினேன். வழக்கமான இடத்தில் சிரித்தார்கள். கருநீல நோட்டைக் கைமாற்றிப் பார்க்கக் கொடுத்தேன். அது மூன்றாவது வரிசையில் மரியம் என்ற மாணவியிடம் வந்தது. எகிப்துக்காரி. அவள் நோட்டை வாங்கி, பின்னட்டைப் பக்கமாகத் திறந்தாள். அவர்கள் ஊர் அரபிப் புத்தகங்கள் அந்தப் பக்கமிருந்துதானே தொடங்கும். கை பழக்கத்தில் போய்விட்டது என்று பிற்பாடு சொன்னாள்.

"ஐயா, இதற்குள் என்னவோ இருக்கிறது" என்றாள்.

போய்ப் பார்த்தேன். பின்னட்டையின் உட்புறத்தில் அதே காலிகோத் துணியில் ஒரு பை. நம் ஊரில் ஆய்வேடுகளுக்குப் பின்னால் குறுந்தகடு வைக்கத் தைப்பார்களே, அந்த மாதிரி; ஆனால் அகலமானது. மேலே மடிப்பு, தபாலில் விழுந்துவிடாமலிருக்க ஒரு பொட்டுப் பசை வைத்து ஒட்டியிருந்தது. மரியம் நகத்தால் நெம்பினாள். உள்ளே பதினைந்து தாள்கள்.

கம்பிச் சுருள் நோட்டிலிருந்து கிழித்த தாள்கள். ஓரமெல்லாம் பல்பல்லாக இருந்தது. தண்ணீர் பட்டு மை பரவியிருந்தது. சேறு. ஒன்றில் எண்ணெய்க் கறை. கசக்கி எறிந்த தாள்களை யாரோ நீவி, அழுத்தி, தட்டையாக்கியிருந்தார்கள். சுருக்கத்தின் கோடுகள் மட்டும் மெலிதாகத் தெரிந்தன.

நஸ்ரினின் கையெழுத்து. வகுப்பு காத்துக்கொண்டிருக்க, நான் நின்றபடியே அதைப் படித்தேன். தப்பாக எழுதிய இடங்களில் ஒரே ஒரு கோடு போட்டு அடித்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே செய்திருந்தாள். எண்களுக்குப் பக்கத்தில் தமிழில் சின்னச் சின்னதாக எழுதியிருந்தாள். 'நாய் தொரத்துச்சு, பாட்டில் ஒண்ணு ஒடஞ்சது, புதுசுல எடுத்தது.' 'மீட்டர் நடுங்குது, மூணு தடவ பாத்தேன்.' பதினொன்றாம் கிணற்றுக்கு வந்தேன். 'ஒரு தடவ எடுத்ததும் கரண்ட் போச்சு. நாப்பது நிமிசம் உக்காந்தேன். வீட்டுக்காரம்மா மோர் குடுத்துச்சு. கரண்ட் வந்து மறுபடி எடுத்தேன். அதே அளவு. நம்ப முடியல, மீட்டரக் கழுவித் திரும்பப் பாத்தேன். அதேதான்.'

ஃபேர் காப்பியோடு வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி மாறவில்லை. மோரும் நாயும்தான் விடுபட்டிருந்தன.

"அப்படியென்றால் இது நல்ல உதாரணமா, மோசமான உதாரணமா?" என்று மரியம் கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை. குறித்துக்கொள்வதற்காகப் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள். பத்து நிமிடம் இடைவேளை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இரண்டு வருடம் அந்தத் தாள்கள் என் தலைக்குப் பக்கத்து அலமாரியில் இருந்திருக்கின்றன. நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டவில்லை.

இடைவேளையில் பாண்டியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொல்லி, அவள் இப்போது எங்கே என்று கேட்டேன். "காளவாசல்ல ஒரு ஸ்கேன் சென்டர்ல இருக்கு அந்தப் புள்ள. டோக்கன் குடுக்குற வேல. நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன்டா, வேற எடத்துக்கு எழுது, நான் லெட்டர் தாரேன்னு. 'வேணாம் சார், எனக்கு இந்தத் தண்ணி வேலையே வேணாம்'னுருச்சு" என்றான்.

7

நேற்று அந்த உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனேன். நான் எழுதிய வரி தவறு, திருத்த வேண்டும் என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அந்த ஆண்டின் கோப்பு மூடியாயிற்று. உதவித்தொகை திட்டமே இப்போது இல்லை. வேண்டுமானால் நான் ஒரு விளக்கக் கடிதம் கொடுக்கலாம், அதைக் கோப்பில் சேர்ப்பார்கள், உரிய காலம் முடிந்ததும் கோப்போடு சேர்த்து அழித்துவிடுவார்கள் என்றார். கொடுத்தேன். வந்து சேர்ந்தது என்பதற்குக் கடிதம் வரும் என்றார்.

இன்று நடுப்பகலில், மதுரையில் மூன்றரை மணி இருக்கும், நோட்டின் உள்ளட்டையில் ஒட்டியிருந்த பைண்டிங் கடைச் சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். யூசுப் பாய்தான் எடுத்தார். நான் யார் என்று சொன்னேன்.

"அட, ஜெர்மனி சாரா! நல்லாருக்கீகளா சார்? இருங்க, மிஷின நிப்பாட்டிட்டு வாரேன்."

பேப்பர் வெட்டும் சத்தம் நின்றது.

"பாய், நஸ்ரின் நோட்டுல பின்னாடி பை வச்சுத் தச்சது நீங்களா?"

"நான்தான் சார். ஏன், பிரிஞ்சு போச்சா?"

"இல்ல பாய், நல்லா இருக்கு. அதுக்குள்ள தாள் இருந்துச்சே."

"ஆமா சார். புள்ள கசக்கிக் குப்பைக் கூடைல போட்டுருந்தா. எழுதுன தாளு, கால்ல மிதிபடக் கூடாதுல்ல? எடுத்துத் தொடச்சு, பிரஸ்ல ரெண்டு நாள் இறுக்கி வச்சேன். அசலும் நகலும் ஒண்ணாக் கெடக்கட்டும்னு பை தச்சு உள்ள வச்சு நானே தபால்ல போட்டேன். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா, சார் பாத்தா அசிங்கம்னு பிச்சு எறிஞ்சிருவா."

"பின்னட்டையில ஏன் பாய் வச்சீங்க?"

"எங்கிட்ட பைண்டிங்குக்கு வார கிதாபு பாதி அரபி, அந்தப் பக்கந்தான சார் தொறக்கும்? எனக்கு ரெண்டு பக்கமும் முன்பக்கந்தான். எப்படியும் கண்ணுல படும்னு நினச்சேன்."

எனக்கு அடுத்த கேள்வி கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன். "அப்புறமாவது அவகிட்ட இதச் சொல்லலையா?"

"சொல்லி என்ன ஆகப்போகுது சார்? நீங்க வேணாம்னுட்டீக. நோட்டு கைக்கு வந்தபெறகும் ஒரு வார்த்த வரல. அசல், நகல் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டும் மனசு மாறலேன்னுதான நினப்பேன்? அவ ஒரே அழுக. 'அத்தா, நான் ஒண்ணையும் மாத்தல, பாத்துத்தான் எழுதுனேன்'னா. நான்தான் சத்தம் போட்டேன். 'படிச்ச மனுசன், எல்லாத்தையும் பாத்தபெறகும் மாத்திச் சொல்லலயே. எழுதும்போது நீ எங்கயோ கை வச்சிருக்க. எங்கிட்டயும் பொய் சொல்லாத'ன்னேன். பொறந்ததுலருந்து அவள அப்படி ஒரு வார்த்த சொன்னதில்ல சார்."

நான் அந்தப் பையை இந்தத் திங்கட்கிழமைதான் பார்த்தேன் என்று சொன்னேன். வயதில் மூத்த ஒருவரிடம் இதைச் சொல்ல நல்ல முறை ஏதும் இல்லை. பார்க்காமலேதான் அந்த வரியை எழுதினேன், பாய், என்றேன். இப்போது ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு எண்கூட மாறவில்லை என்றும் சொன்னேன்.

அந்தப் பக்கம் தெருவில் ஒரு ஆட்டோ போகும் சத்தம் கேட்டது.

"அப்ப... எம் மக பொய் சொல்லலையா சார்?"

"இல்ல பாய்."

"ரெண்டு வருசமா எங்கிட்ட சரியா மொகங்குடுத்துப் பேசுறதில்ல சார் அவ. சோத்த வச்சுட்டுப் போயிருவா. ஏழு மணிக்கு வருவா. வந்தோடன நானே போன் போட்டு அவ கையில குடுக்குறேன். நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. அம்புட்டுப் பேசிப்புட்டேன்."

மதுரையில் ஏழு மணி என்றால் இங்கே மூன்றரை. அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன். சும்மா இருக்க முடியாமல்தான் இதை நம் ஊர்க்காரர்களான உங்களுக்கு எழுதுகிறேன். இதை ஃபேர் காப்பி எடுக்கப் போவதில்லை. முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்க வேண்டும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் நான். பதினைந்து தாள்களையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, நஸ்ரினிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை ஒரு காகிதத்தில் மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றையும் ஒரே கோடு போட்டு அடித்திருக்கிறேன். மணி மூன்று இருபத்தெட்டு.